டர்பன் கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரி: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில், எந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறோம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் காங்கெல்லா பக்கம் 1936-இல் திறந்த எட்டாம் எட்வர்ட் மன்னர் ஆஸ்பத்திரி. முழுப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை, கிங் எட்வர்ட் என்றால் போதும். மாகாண சுகாதாரத் துறை நடத்துகிற அரசு ஆஸ்பத்திரி, லாபத்துக்கு நடப்பதில்லை, பக்கத்திலேயே அம்பிலோ ரோட்டில் மருத்துவக் கல்லூரி. இப்போது பெயர் விக்டோரியா ம்சேங்கே ஆஸ்பத்திரி என்று மாறிவிட்டது, அந்தக் கதை கீழே வருகிறது. டர்பனைச் சுற்றி நம் இந்திய வம்சத்தார் அதிகம் இருக்கிற சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எழுபது வயது தாண்டியவர்களிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டில் பிறந்தேன் என்பார்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அதன் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை ஒரே இடத்தில் போடுகிறேன்.

இது இந்தியர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரியா?

இல்லை. இதை நம் ஆட்களே தப்பாகச் சொல்கிறார்கள், எனக்கு அது வருத்தம். "ஐரோப்பியர் அல்லாதார்" என்று அன்றைய அரசாங்கம் ஒதுக்கிவைத்த எல்லோருக்குமாகக் கட்டியது. அதாவது சூலு மக்கள், இந்தியர்கள், கலர்ட் என்று அழைக்கப்பட்ட கலப்பின மக்கள் எல்லோருக்கும். நோயாளிகளில் பெரும்பகுதி எப்போதும் ஆப்பிரிக்கர்கள்தான். அதே பிரசவ வார்டு, அதே மருந்துக் கவுண்டர், அதே நீள பெஞ்ச். நம் தாத்தாமார்களும் ஆயாமார்களும் சூலு பேசக் கற்றது தோட்டத்திலும் சந்தையிலும் மட்டும் இல்லை, இந்த பெஞ்சுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்தும்தான். இந்த ஆஸ்பத்திரியின் கதையை நம் சமூகத்தின் கதையாக மட்டும் சொன்னால் பாதியை வெட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

1936-க்கு முன்னால் நம் ஆட்கள் உடம்பு சரியில்லை என்றால் எங்கே போனார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் வந்தது. அப்புறம் 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கிற அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகம் வழியாக, அதில் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஒப்பந்தத்தில் மருத்துவ வசதி உண்டு என்று எழுதியிருந்தது. கரும்புத் தோட்டத்தில் நடந்தது வேறு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டினார்கள், காய்ச்சல் என்று சொன்னால் நடிக்கிறான் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்து 1871-இல் ஊர் திரும்பிய முதல் கூட்டம் மதராஸில் இறங்கியதும் இதையெல்லாம் அதிகாரிகளிடம் முறையிட்டது. அந்தப் புகாரால்தான் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது, குடியேறியவர்களுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவியும் மருத்துவ ஏற்பாடுகளும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் கொடுத்த வாய்மொழிப் புகார் ஒரு சட்டத்தையே மாற்றியது, இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

டர்பன் நகரத்துக்குள் என்று பார்த்தால், கடற்கரையில் 1879-இல் திறந்த ஆடிங்டன் ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்குத் தனிப் பகுதி. ஆங்கிலிக்கன் மிஷனின் செயின்ட் எய்டன்ஸ் இருந்தது, அதன் டாக்டர் பூத் நம் ஆட்களுக்கு நிறையச் செய்தவர். இதெல்லாம் போக, நாட்டு வைத்தியமும் வேப்பிலையும் மாரியம்மனும்.

காந்தி இந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாராமே?

காந்தி 1914-லேயே தென்னாப்பிரிக்காவை விட்டுப் போய்விட்டார், இந்த ஆஸ்பத்திரி திறந்தது அதற்கு 22 வருடம் கழித்து. அவர் வேலை பார்த்தது வேறு இடம். டர்பன் வியாபாரி பார்சி ருஸ்தம்ஜியின் கொடையில் டர்பனில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி நடந்தது, மேலே சொன்ன டாக்டர் பூத்தான் அதற்குப் பொறுப்பு. வக்கீல் வேலைக்கு நடுவே காந்தி தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே போய், நோயாளிகள் சொல்வதைக் கேட்டு டாக்டரிடம் சொல்லி, மருந்து கலந்து கொடுத்தார். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 1899-இல் ஆங்கிலேயருக்கும் டச்சு வம்சத்துப் போயர்களுக்கும் நடுவே போயர் போர் வந்தபோது அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் சேர்ந்தார்கள், பயிற்சி கொடுத்தது அதே பூத். அந்தப் படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். தலைவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும், ஸ்ட்ரெச்சர் தூக்கிய அந்த 800 பேரின் பெயர் யாருக்குத் தெரியும்?

பாலசுந்தரம் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். 1894-இல் முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்ற தமிழ்க் கூலி. காந்தி முதலில் செய்த காரியம் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சர்டிஃபிகேட் வாங்கியது. அந்தக் காகிதத்தோடுதான் மாஜிஸ்திரேட்டிடம் போனார். டாக்டரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கூலியின் உடைந்த பல்லுக்குக்கூடச் சாட்சி கிடையாது என்பதுதான் அன்றைய நிலைமை.

எதற்காக இங்கிலாந்து ராஜா பெயர்?

திறந்த ஆண்டில் அவர்தான் ராஜா. அதே 1936 டிசம்பரில் அவர் முடி துறந்து போய்விட்டார். ஒரு வருடம்கூட ஆளாத ராஜாவின் பெயர் நம் ஊர் ஆஸ்பத்திரியில் எண்பது வருடத்துக்கு மேல் இருந்தது.

மெக்கார்ட் ஆஸ்பத்திரியும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு, ஆனால் மெக்கார்ட் இல்லாமல் கிங் எட்வர்டின் கதை முழுமையாகாது. ஜேம்ஸ் மெக்கார்ட் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் டர்பனின் பெரியா என்ற மேட்டுப் பகுதியில் சூலு மக்களுக்காக 1909-இல் ஆஸ்பத்திரி திறந்தார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களுக்கு இங்கே ஆஸ்பத்திரி கூடாது என்று கோர்ட்டுக்கே போனார்கள். அவர் விடவில்லை. அவரோடு வந்து சேர்ந்த ஆலன் டெய்லரும் சேர்ந்து, கறுப்பின மக்களுக்கு டாக்டர் படிப்பு இங்கேயே வேண்டும் என்று 1920-களிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு நம் பிள்ளைகள் பலர் மெக்கார்டில் இன்டர்னாக இருந்தார்கள், நர்ஸாகவும் படித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் மிஷன் ஆஸ்பத்திரியாக நடந்தது, பணம் போதாமல் 2014-இல் மாகாண அரசு எடுத்துக்கொண்டது, இன்றைக்கு அது கண் ஆஸ்பத்திரி.

மருத்துவக் கல்லூரி எப்படி வந்தது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1940-கள் வரை டாக்டராக வேண்டும் என்றால் நம் பிள்ளைகள் எடின்பரோவுக்கோ டப்ளினுக்கோ பம்பாய்க்கோ கப்பல் ஏற வேண்டும், பணக்கார வீட்டுக்குத்தான் அது முடியும். ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் வெள்ளைக்காரர்களுக்கான கல்லூரிகளில் சில பேரை எடுத்தார்கள், ஆனால் வெள்ளைக்கார நோயாளியைத் தொடக் கூடாது, வெள்ளைக்காரரின் பிரேதப் பரிசோதனையைப் பார்க்கக்கூட நிற்கக் கூடாது, வெளியே போகச் சொல்வார்கள். கடைசியில் 1951-இல் நேட்டால் பல்கலைக்கழகம் டர்பனில் ஆப்பிரிக்க, இந்திய, கலர்ட் மாணவர்களுக்கென்று மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பக்கத்தில் கிங் எட்வர்ட் இருந்ததால்தான் அது இங்கே வந்தது, அத்தனை நோயாளிகள், அத்தனை விதமான நோய்கள், கற்றுக்கொள்ள அதைவிட வேறென்ன வேண்டும். ஒரு தயாரிப்பு வருடத்தையும் சேர்த்து ஏழு வருடப் படிப்பு, முதல் கூட்டம் 1957-இல் வெளியே வந்தது.

பல்கலைக்கழகம் வெள்ளைக்காரர்களுடையது, அதன் முக்கிய வளாகத்தில் இந்த மாணவர்களுக்கு இடம் கிடையாது. தங்குமிடம் வென்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில், பழைய ராணுவக் கொட்டகைகளில். அதற்கு ஆலன் டெய்லர் பெயரையே வைத்தார்கள்.

1957-இல் இன்னொன்று நடந்தது, இதைக் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரிக்கும் மசோதாவில் இந்தக் கல்லூரியை நேட்டால் பல்கலைக்கழகத்திடமிருந்து பிடுங்கி அரசாங்கம் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. கல்லூரி ஆசிரியர்கள் அப்படிச் செய்தால் ராஜினாமா செய்வோம் என்றார்கள். அரசாங்கம் அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் நிறவெறி அரசாங்கம் பின்வாங்கிய இடங்களை விரல்விட்டு எண்ணலாம்.

சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதியையும் விட்டுவிட முடியாது. 1940-இல் ஃபொலேலா கிராமத்தில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கி, நோயை மட்டும் பார்க்காமல் வீடு, தண்ணீர், காய்கறித் தோட்டம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள். டர்பனிலும் ஆப்பிரிக்க, இந்திய, கலர்ட் குடியிருப்புகளில் அதே மாதிரி நிலையங்கள் வைத்து மாணவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போனார்கள். அரசாங்கத்தின் நெருக்கடியில் 1950-களின் கடைசியில் நாட்டை விட்டே போய்விட்டார்கள், அவர்கள் முறையை உலகம் எடுத்துக்கொண்டது.

டாக்டர் கூனமும் மான்ட்டி நாயக்கரும் இங்கே படித்தவர்களா?

இரண்டு பேருமே எடின்பரோவில் படித்தவர்கள், இந்தக் கல்லூரி பிறப்பதற்கு முன்னாலேயே. கூனம் அம்மா, முழுப்பெயர் கேசவேலு கூனரத்தினம் நாயுடு, தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் டாக்டர். தாய்வழி மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம். 1936-இல், ஆமாம், கிங் எட்வர்ட் திறந்த அதே வருடம், பட்டத்தோடு டர்பன் திரும்பினார். ஆஸ்பத்திரியில் வேலை கொடுக்க மறுத்துவிட்டார்கள், வெள்ளை நர்ஸுகள் இந்தியப் பெண் சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்று காரணம். கிரே ஸ்ட்ரீட் பக்கம் சொந்தமாகக் கிளினிக் போட்டார். 1946-இல் இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்துச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறைக்கும் போனார். மான்ட்டி நாயக்கர் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவராக அதே போராட்டத்தை நடத்தினார். 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமா, டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாது, டாக்டர் நாயக்கர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம் என்றே சொல்வார்கள், ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து போராடுவது என்பதுதான் அதன் சாரம். டர்பனில் பைன் ஸ்ட்ரீட்டுக்கு இன்றைக்கு மான்ட்டி நாயக்கர் பெயர்.

அப்படியானால் 1949 கலவரத்தில் என்ன நடந்தது?

ஜனவரி 13-இல் தொடங்கி மூன்று நாள். ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே. அரசாங்கக் கணக்கில் 142 பேர் செத்தார்கள், அதில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர், ஆயிரத்துக்கு மேல் காயம். நம் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்தியர் செத்ததை மட்டும்தான் சொல்வார்கள். போலீஸும் ராணுவமும் சுட்டதில் செத்த ஆப்பிரிக்கர்கள் நிறைய. காயம்பட்ட இரண்டு பக்கத்தாரும் கிங் எட்வர்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், அவர்கள் போக வேறு பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே வளாகத்தின் பக்கத்தில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து உடற்கூறு படிக்க ஆரம்பித்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டீவ் பீக்கோ இங்கேதான் படித்தாரா?

ஆமாம், நிறவெறியை எதிர்த்த கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவரான அவர் 1966-இல் இந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வென்ட்வொர்த் விடுதி அறையில்தான் அந்த இயக்கத்தின் பேச்சுகள் சூடு பிடித்தன. 1968 டிசம்பரில் மாரியன்ஹில்லில் கூடி, 1969-இல் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள், பீக்கோதான் முதல் தலைவர். அவர்கள் 'கறுப்பர்' என்றபோது அதில் இந்தியரும் கலர்டும் அடக்கம். ஸ்ட்ரினி மூட்லி, சத்ஸ் கூப்பர் மாதிரி டர்பன் பிள்ளைகள் அந்த நம்பிக்கையோடு சேர்ந்து ராபன் தீவுச் சிறை வரைக்கும் போனார்கள். பீக்கோவை 1972-இல் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள், 1977 செப்டம்பர் 12-இல் போலீஸ் காவலில் இறந்தார். அவரோடு படித்த மம்ஃபேலா ராம்ஃபேலே டாக்டராகி, கிங் வில்லியம்ஸ் டவுன் பக்கம் சனெம்பிலோ என்ற மக்கள் கிளினிக்கை நடத்தினார். பின்னாளில் சுகாதார அமைச்சர்களான மோட்சோலேடி, ம்கீசே இரண்டு பேரும் இங்கே படித்தவர்கள்தான்.

சம்பளம் எல்லாருக்கும் ஒன்றா இருந்தது?

ஒரே பட்டம், ஒரே வார்டு, ஒரே இரவு டியூட்டி. வெள்ளை டாக்டருக்கு ஒரு சம்பளம், இந்திய, கலர்ட் டாக்டருக்கு அதைவிடக் குறைவு, ஆப்பிரிக்க டாக்டருக்கு அதிலும் குறைவு. 1960-களின் கடைசியில் கிங் எட்வர்ட் டாக்டர்கள் இதை எதிர்த்து வெளிப்படையாகவே கிளம்பினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்திய டாக்டர்களுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தது சும்மா இல்லை, இரண்டு கூட்டமும் சேராமல் இருக்கத்தான். சேர்ந்து நின்றவர்கள் இருந்தார்கள், அவர்களைத்தான் நான் மதிக்கிறேன்.

நர்ஸுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே?

உண்மை, எழுத வேண்டும். ஆரம்பத்தில் நம் வீடுகளில் பெண்ணை நர்ஸ் வேலைக்கு விடவே மாட்டார்கள். ராத்திரி டியூட்டி, அந்நிய ஆம்பிளையைத் தொட வேண்டும், கல்யாணம் ஆகாது என்று ஆயிரம் சொல்வார்கள். பிடிவாதமாகப் போன பெண்கள்தான் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். என் அத்தை ஒருவர் நர்ஸாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய தோள்பட்டைகளை அலமாரியில் ஒரு டின்னில் வைத்திருந்தார். பதிவு பெற்ற நர்ஸுக்கு மரூன் நிறத் தோள்பட்டை, அதில் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கோடுகள், பச்சை என்றால் பிரசவம் பார்க்கப் படித்தவர், கருநீலம் என்றால் மனநலம், மஞ்சள் என்றால் சமூக சுகாதாரம். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் எதிரே வருகிற சிஸ்டரின் தோளைப் பார்த்தே அவர் என்னென்ன படித்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அத்தைக்குப் பச்சையும் மஞ்சளும் இருந்தது. பிரசவ வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த தாய்மார்களைத் தாண்டித் தாண்டி நடந்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது அவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை, கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரிகள் நாடு முழுக்க அப்படித்தான் நெரிசலில் இருந்தன. கடற்கரையில் வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரிகளில் கட்டில்கள் காலியாகக் கிடந்த காலத்தில்தான் இதுவும்.

இங்கே நடந்த ஆராய்ச்சியில் உலகத்துக்குப் பயன்பட்டது ஏதாவது உண்டா?

வயிற்றுக்கடுப்புக்கு ஃபிளாஜில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிடாத வீடு இருக்காது. டர்பனில் அமீபா வயிற்றுக்கடுப்பும் அதனால் ஈரலில் சீழ்க்கட்டியும் மிக அதிகம், குடிசைப் பகுதிகளில் நல்ல தண்ணீர் இல்லாததுதான் காரணம். பழைய சிகிச்சை எமெட்டின் ஊசி, வலியும் அதிகம், இதயத்துக்கும் ஆபத்து. டர்பனில் பவல், வில்மட், எல்ஸ்டன்-டியூ முதலானோர் மெட்ரோனிடசோல், அதாவது இந்த ஃபிளாஜில், குடலில் இருக்கும் அமீபாவையும் ஈரலில் இருக்கிறதையும் சேர்த்தே குணமாக்குகிறது என்று 1966-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் முதல் மருந்து. நம் ஊர் ஏழை நோயாளிகளின் உடம்பில் நிரூபித்துக் காட்டிய சிகிச்சை என்பதை மாத்திரையை விழுங்கும்போது யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்று தாய்ப்பால். 1990-களில் எச்.ஐ.வி. இந்த மாகாணத்தை உலுக்கியது, 2000-ஆம் ஆண்டு வாக்கில் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொற்று. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகுமே, கொடுக்கலாமா வேண்டாமா என்று உலகமே குழம்பிக்கொண்டிருந்தது. கிங் எட்வர்டிலும் மெக்கார்டிலும் பிரசவம் பார்த்த தாய்மார்களை வைத்து குட்சூடிஸ், கூவாடியா இருவரின் குழு 1999-இல் சொன்னது இது: வேறெதுவும் கலக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் தொற்று குறைவு, தாய்ப்பாலோடு தண்ணீர், பவுடர் பால், கஞ்சி என்று கலந்து கொடுக்கும்போதுதான் அதிகம். சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் பவுடர் பாலே குழந்தையைக் கொன்றுவிடும், அதனால் இந்தப் பதில் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே கூவாடியாதான் 2000 ஜூலையில் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டுக்குத் தலைவர். அப்போது நாட்டின் ஜனாதிபதியே எய்ட்ஸுக்கு அந்த வைரஸ்தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அதை எதிர்த்துப் பேச நெஞ்சுரம் வேண்டும்.

பிரசவ மருத்துவத்தில் பேராசிரியர் ஜாக் மூட்லியின் பெயரையும் சொல்லாமல் விடக் கூடாது. கர்ப்பகாலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வருகிற நோயைப் பற்றி இங்கிருந்தே பல்லாண்டு ஆராய்ந்தவர், நாட்டில் பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரிக்கிற தேசியக் குழுவுக்கும் தலைவராக இருந்தார்.

ஆர். கே. கான் ஆஸ்பத்திரி இருக்கும்போது கிங் எட்வர்ட் எதற்கு?

ஆர். கே. கான் சாட்ஸ்வொர்த்தில் 1969-இல்தான் வந்தது. காந்தியோடு பழகிய வக்கீல் ஆர். கே. கான் இறக்கும்போது விட்டுப்போன சொத்தில் உருவான டிரஸ்ட், வருடக்கணக்கில் கிளினிக்குகள் நடத்தி, அப்புறம் அரசாங்கத்தோடு சேர்ந்து கட்டியது. மேகசின் பாராக்ஸ், கேட்டோ மேனர், மேவில் என்று நகரத்துக்குள் இருந்த நம் ஆட்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் நட்டார்களே, அதற்குப் பிறகு கிங் எட்வர்டுக்குப் போக பஸ் மாறி வெகுதூரம். அந்தத் தேவையில் வந்த ஆஸ்பத்திரி அது. ஆனாலும் சிக்கலான நோய் என்றால் இங்கேதான் அனுப்பினார்கள்.

எப்போது எல்லா இனத்தாருக்கும் ஆஸ்பத்திரிகள் திறந்தன?

1990 மே மாதம் அரசாங்கம் அறிவித்தது. 1994-இல் மண்டேலா பதவியேற்றதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்றது. மற்றவர்களுக்கு இன்றும் வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், இல்லாதவர்களிடம் கேட்பதில்லை. நேராகப் போய் நிற்காதீர்கள், முதலில் பக்கத்துக் கிளினிக், அங்கிருந்து கடிதத்தோடு மேலே அனுப்புவார்கள். விபத்து, அவசரம் என்றால் நேரே கேஷுவால்டி.

ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரி வந்த பிறகு இதன் மதிப்பு குறைந்துவிட்டதா?

2002-இல் கேட்டோ மேனரில் 846 கட்டில்களோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய ஆஸ்பத்திரி திறந்தபோது உயர்சிகிச்சைப் பிரிவுகள் பல அங்கே போயின. அது இருப்பது நம் அம்பிலோ அம்பலவாணர் கோயில் இருக்கிற அதே பெல்லேர் ரோட்டில், இப்போது அதன் பெயர் வூசி ம்சிமேலா ரோடு. கோயிலுக்குத் தீமிதி பார்க்க வருகிறவர்கள் வழியில் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது புதுசு, எல்லாம் கம்ப்யூட்டர். கிங் எட்வர்ட் பழசு, கட்டடம் பராமரிப்பு கேட்டுக் கெஞ்சுகிறது, அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் மாணவன் கைபிடித்துக் கற்றுக்கொள்கிற இடம் இன்றும் இதுதான். கடைசியில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாலும், அங்கே நம்மைப் பார்க்கிற டாக்டர் முதல் தையலை இந்த மாதிரி ஓர் அரசு வார்டில்தான் போட்டிருப்பார். "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா" என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கல்லூரிக்கு 2000-இல் மண்டேலாவின் பெயரை வைத்தார்கள், 2004-லிருந்து அது க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் அடங்கும்.

விக்டோரியா ம்சேங்கே யார்?

முதலில் நர்ஸ். கிங் எட்வர்டில் பிரசவ நர்ஸ் படிப்புப் படித்தவர். கணவர் கிரிஃபித்ஸ் ம்சேங்கே அரசியல் கைதிகளுக்கு வாதாடிய வக்கீல். விக்டோரியாவும் சட்டம் படித்து அவரோடு சேர்ந்தார். கணவரை 1981 நவம்பரில் டர்பனுக்குப் பக்கத்து ஆப்பிரிக்கக் குடியிருப்பான உம்லாசியில் கொன்றார்கள். அவர் விட்ட வழக்குகளை இவர் எடுத்து நடத்தினார். 1985 ஆகஸ்ட் 1 அன்று இவரையும் உம்லாசியில், வீட்டு வாசலில், பிள்ளைகள் இருக்கும்போதே கொன்றார்கள். ராஜாவின் பெயரை எடுத்து இந்த நர்ஸின் பெயரை வைத்ததில் எனக்கு முழுச் சம்மதம். பெரியவர்கள் கிங் எட்வர்ட் என்றே சொல்லட்டும், அது பழக்கம், ஆனால் இவர் யார் என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

என் பாட்டி அங்கே பிறந்தார், பழைய பதிவு கிடைக்குமா?

மருத்துவ ஃபைல் கிடைப்பது கஷ்டம். கடைசியாகப் பார்த்ததிலிருந்து குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதற்குமேல் இருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் சொந்த ஃபைல் என்றால் தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பிறந்த பதிவுக்கு ஆஸ்பத்திரியில் நிற்காமல் உள்துறை அலுவலகத்துக்குப் போங்கள். இன்னும் பின்னால், கப்பல் ஏறி வந்த தலைமுறையைத் தேடுகிறவர்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியலைப் பார்க்க வேண்டும். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் வாய்மொழிப் பதிவுகளும் உண்டு. போகும்போது வீட்டில் இருக்கிற பழைய கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளுக்குக் கொடுத்த நம்பர் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முனுசாமியை மூனசமி என்றும் வேறு பத்து விதமாகவும் குமாஸ்தாக்கள் எழுதியிருப்பார்கள், பெயரை வைத்துத் தேடினால் நாள் போய்விடும், அந்த நம்பர் இருந்தால் சீக்கிரம் கிடைத்துவிடும்.